செலொப்பியாத்தின் மகள்களும் நாபோத்தின் திராட்சைத் தோட்டமும்

பழைய ஏற்பாட்டின் எண்ணாகமம் என்னும் நூலில் ஒரு சொத்து வழக்கு இடம்பெற்றுள்ளது. வழக்காடியவர்கள் ஐந்து சகோதரிகள். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என ஐவர் பெயரையும் நூல் ஒன்றுவிடாமல் பதிவு செய்கிறது. மனாசே கோத்திரத்தைச் சேர்ந்த செலொப்பியாத் என்பவரின் மகள்கள் அவர்கள். தந்தை பாலைவனப் பயணத்தில் இறந்துபோனார். ஆண் பிள்ளை இல்லை. கானான் நாட்டு நிலத்தைப் பங்கிடுவதற்காக ஆண்களின் தலை எண்ணப்பட்டது. எண்ணிக்கைக்கு ஏற்ப ஒவ்வொரு வம்சத்துக்கும் நிலம் என்பது ஏற்பாடு. அந்தக் கணக்கில் செலொப்பியாத்தின் வீட்டுக்கு இடமில்லாமல் போயிற்று.

ஐவரும் வழிபாட்டுக் கூடாரத்தின் வாசலுக்கு வந்தனர். மோசே, தலைமைக் குரு எலெயாசார், கோத்திரத் தலைவர்கள், கூடியிருந்த மக்கள் ஆகியோர் முன்னிலையில் தங்கள் வாதத்தை வைத்தனர். தந்தை எந்தக் கலகத்திலும் சேர்ந்து உரிமையை இழந்தவரல்லர். மகன் இல்லை என்ற ஒரே காரணத்தால் அவர் பெயர் வம்சத்திலிருந்து அழிய வேண்டியதில்லை. தந்தையின் சகோதரர்களோடு தங்களுக்கும் பங்கு வேண்டும் என்றனர். மோசே தாமாக முடிவு சொல்லாமல் இறைவனிடம் வழக்கைக் கொண்டு சென்றார் என்கிறது நூல். பெண்கள் கேட்பது சரியே என்று தீர்ப்பு வந்தது. பொது விதி ஒன்றும் வகுக்கப்பட்டது. மகன் இல்லையேல் மகள். மகளும் இல்லையேல் இறந்தவரின் சகோதரர்கள். அவர்களும் இல்லையேல் தந்தையின் சகோதரர்கள். அதற்கப்பால் வம்சத்தின் நெருங்கிய உறவினர்.

வழக்கு இத்துடன் முடியவில்லை. அதே நூலின் கடைசி அதிகாரத்தில் கிலேயாத் வம்சத்தின் தலைவர்கள் மேல்முறையீட்டுக்கு வருகின்றனர். இந்தப் பெண்கள் வேறு கோத்திரத்தில் வாழ்க்கைப்பட்டால் நிலமும் அவர்களோடு அந்தக் கோத்திரத்துக்குப் போய்விடுமே என்பது அவர்கள் முறையீடு. முதல் தீர்ப்பு ரத்தாகவில்லை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை சேர்ந்தது. விரும்பியவரை மணக்கலாம், ஆனால் தந்தையின் கோத்திரத்துக்குள்ளேயே மணக்க வேண்டும். ஐவரும் தங்கள் தந்தையின் உடன்பிறந்தாரின் மகன்களை மணந்தனர்.

நிலம் குலத்தை விட்டுப் போகலாகாது என்னும் கவலை நியாயமானதே. ஆனால் அந்தக் கவலையின் பாரம் யார் தலையில் ஏற்றப்பட்டது? நிலத்தை உண்மையில் கொண்டுபோனவர் யார்? இவ்விரு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான் இஸ்ரவேலரின் பழைய நிலச் சட்டம் இன்றைக்கும் பாடம் சொல்லும்.

காணியாட்சியும் சுதந்தரமும்

பண்டைய இஸ்ரவேலரின் சமூகம் மூன்று அடுக்குகளைக் கொண்டது. அடியில் 'பெத் ஆவ்' எனப்பட்ட தந்தை வீடு. சில தலைமுறையினர் சேர்ந்து உழைத்து உண்ட கூட்டுக் குடும்பம். அதற்கு மேல் 'மிஷ்பகா' எனப்பட்ட வம்சம். பெரும்பாலும் ஒரு கிராமம் அல்லது அண்டைக் கிராமங்கள் சில. அதற்கும் மேல் கோத்திரம். நிலத்தை உழுதது குடும்பம். எனினும் அதை என்றைக்குமாக விற்றுத் தீர்க்கும் உரிமை குடும்பத் தலைவனுக்கு இல்லை. வறுமையால் விற்க நேர்ந்தால் நெருங்கிய பங்காளி அதை மீட்டுத் தரக் கடமைப்பட்டவர். அவருக்குக் 'கோஏல்' என்று பெயர். தமிழ்க் கிறிஸ்தவர்கள் வழிபாட்டில் சொல்லும் 'மீட்பர்' என்னும் சொல்லுக்குப் பின்னால் நிற்பவர், கைவிட்டுப்போன வயலை மீட்டுக்கொடுக்கும் இந்தப் பங்காளிதான். பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்த காலத்தில், காவலில் வைக்கப்பட்டிருந்த எரேமியா, தம் சிற்றப்பன் மகனின் ஆனதோத்து நிலத்தை 17 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கியதும் இந்தக் கடமையின்படியே.

இவ்வாறு வழிவழி வந்த நிலத்தைக் குறிக்க எபிரேயத்தில் 'நகலா' என்றும் 'அகுஸ்ஸா' என்றும் சொற்கள் உண்டு. பழைய தமிழ் விவிலியம் இவற்றைச் 'சுதந்தரம்' என்றும் 'காணியாட்சி' என்றும் பெயர்த்தது. காணியாட்சி என்பது தமிழகத்தின் பழைய நில ஆவணங்கள் அறிந்த பரம்பரை உரிமையின் பெயர். சுதந்தரம் என்றாலும் அக்காலத்தில் வழிவழி உரிமை என்றே பொருள். அரசியல் விடுதலை என்னும் பொருள் பிற்பாடு மேலோங்கியது. இரு பொருளுக்கும் ஒரு சொல் நின்றது தற்செயலாக இருக்கலாம். ஆனால் நிலம் போனவனுக்கு அடுத்தபடியாகப் போவது உடலின் விடுதலை என்பதை அந்த மலைநாட்டு உழவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

இது வெறும் புராணக் கற்பனையன்று. ஏறத்தாழ கி.மு. 1200க்கும் 1000க்கும் இடையில் பாலஸ்தீனத்தின் மத்திய மலைநாட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட சிறு குடியிருப்புகள் புதிதாகத் தோன்றியதைக் கள ஆய்வுகள் காட்டியுள்ளன. அவற்றில் அரண்மனை இல்லை. பெரும் மதிற்சுவர் இல்லை. ஏறக்குறைய ஒரே தரத்து வீடுகளும் தானியக் குழிகளும் மலைச்சரிவில் வெட்டிய படிக்கட்டு வயல்களுமே காணப்படுகின்றன. நார்மன் காட்வால்டு என்னும் அமெரிக்க விவிலிய அறிஞர், 1979இல் வெளியான தம் பெருநூலில், மார்க்சிய முறையைக் கையாண்டு இதற்கு விளக்கம் தந்தார். கானானிய நகர அரசுகளின் வரியையும் கட்டாய உழைப்பையும் உதறிய உழவர்களும் மேய்ச்சல்காரர்களும் கூடி அமைத்ததே இஸ்ரவேல் என்பது அவர் கருத்து. அதன் கூறுகள் பலவும் விவாதத்துக்குரியவை. ஆயினும் வெளியிலிருந்து படையெடுத்து வந்து ஒரே வீச்சில் நாட்டைப் பிடித்தனர் என்னும் யோசுவா கதையை அகழாய்வு உறுதி செய்யவில்லை என்பதில் ஆய்வாளர்களிடையே பரந்த உடன்பாடு உண்டு. சட்டங்கள் இன்றைய வடிவில் எழுதப்பட்டது பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர். எனவே அவற்றில் பழைய நடைமுறையின் நினைவும் இருக்கிறது. இழந்ததைத் திரும்பக் கேட்கும் குரலும் இருக்கிறது.

ஐவருக்கு மட்டும் இட்ட வேலி

கிலேயாத் தலைவர்களின் கவலைக்குக் காரணம் தந்தைவழி வம்சக் கணக்கு. மகன் யாரை மணந்தாலும் நிலம் நகராது. பிள்ளைகள் அவன் வம்சத்திலேயே எண்ணப்படுவர். மகள் மணந்தால் பிள்ளைகள் கணவன் வம்சத்தவர். அவர்களோடு நிலமும் போகும். லூயி மார்கன் 1877இல் வெளியிட்ட பண்டைச் சமூகம் பற்றிய நூலில் செலொப்பியாத் மகள்களின் வழக்கை எடுத்துக்காட்டுகிறார். எங்கெல்ஸ் 1884இல் எழுதிய 'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்' நூலில் கிரேக்கத்தின் நிலையைச் சுட்டுகிறார். குலத்துக்குள் மணக்கக் கூடாது என்பது பொது விதி. ஆனால் சொத்துக்கு வாரிசான பெண் மட்டும் குலத்துக்குள்ளேயே மணந்தாக வேண்டும். சொத்துக்காகக் குலம் தன் விதியையே தளர்த்திக்கொண்டது.

வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. நாளாகமம் முதல் நூலில் சேசான் என்பவரின் கதை வருகிறது. அவருக்கும் மகன் இல்லை. தம் வீட்டு எகிப்திய அடிமையான யர்காவுக்கு மகளை மணமுடித்துக் கொடுத்தார். பிள்ளைகள் எகிப்தியராகவில்லை, யூதா கோத்திரத்திலேயே எண்ணப்பட்டு, தலைமுறை தலைமுறையாகப் பட்டியலிடப்பட்டனர். அதாவது, மகளின் பிள்ளையைத் தாய்வழியில் எண்ணினால் நிலமும் போகாது, பெண்ணின் தேர்வும் குறையாது. இந்த வழி தெரிந்திருந்தும், பொது விதியாக வகுக்கப்பட்டது பெண்ணைக் கட்டும் வழியே.

நிலம் போன திசை

மகள்கள் மீது நிபந்தனை விதித்தாயிற்று. நிலம் நின்றதா? அதே விவிலியத்தின் பிற்பகுதி நூல்கள் பதில் சொல்கின்றன.

மன்னன் வேண்டும் என்று மக்கள் கேட்டபோது சாமுவேல் அவர்களை எச்சரித்தார். மன்னன் உங்கள் வயல்களிலும் திராட்சைத் தோட்டங்களிலும் சிறந்தவற்றை எடுத்துத் தன் ஊழியர்களுக்குக் கொடுப்பான் என்பது அவர் எச்சரிக்கையின் சாரம். சாலொமோன் காலத்தில், கேதுரு மரமும் பொன்னும் தந்த தீரு நாட்டு மன்னன் ஈராமுக்குக் கலிலேயாவின் இருபது ஊர்கள் கைமாற்றப்பட்டன. ஐந்து பெண்கள் பக்கத்துக் கோத்திரத்தானை மணந்தால் நிலம் போய்விடும் என்று அஞ்சிய சமூகத்தில், மன்னன் ஒருவன் அரண்மனைச் செலவுக்காக இருபது ஊர்களை அயல்நாட்டானுக்கு எழுதிக் கொடுத்தான். அவனைத் தடுக்கும் அதிகாரம் எந்த வம்சத் தலைவருக்கும் இருக்கவில்லை.

ஆகாப் மன்னனின் கதை இன்னும் தெளிவானது. கி.மு. 9ஆம் நூற்றாண்டில் வட இஸ்ரவேலை ஆண்டவன் அவன். யெஸ்ரயேல் ஊரில் அரண்மனையை ஒட்டியிருந்த நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் காய்கறித் தோட்டமாக்க ஆசைப்பட்டான். அதைவிட நல்ல தோட்டம் தருவதாகவும், இல்லையேல் பணம் தருவதாகவும் சொன்னான். சந்தைக் கணக்கில் பார்த்தால் நாபோத்துக்கு நட்டமில்லை. ஆனால் நாபோத்துக்கு அது விற்பனைப் பண்டமன்று, முன்னோரின் உரிமை. மறுத்தான். அரசி யேசபேல் மன்னனின் முத்திரையிட்டு ஊர்ப் பெரியவர்களுக்கு ஓலை அனுப்பினாள். இறைவனையும் மன்னனையும் பழித்தான் என்று இரண்டு பொய்ச்சாட்சிகள் நிறுத்தப்பட்டனர். நாபோத் கல்லெறிந்து கொல்லப்பட்டான். தேசத்துரோகமும் தெய்வ நிந்தையும் ஒரே குற்றப்பத்திரிகையில் சேர்ந்தால் நிலப் பறிப்புக்கு வேறு சட்டம் தேவைப்படாது.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் செய்தி ஒன்று, இராஜாக்களின் இரண்டாம் நூலில் ஒரே ஒரு தொடரில் வருகிறது. சிந்தியது நாபோத்தின் இரத்தம் மட்டுமன்று. அவன் மகன்களின் இரத்தமும்தான். உரிமையை அறுப்பதற்கு வாரிசுகளையும் அழிக்க வேண்டியிருந்தது. மகன் இல்லாமல் போவதன் பொருள் செலொப்பியாத் வீட்டில் ஒன்று, நாபோத் வீட்டில் வேறொன்று.

அரண்மனைக்கு அடுத்தபடி கடன். வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்துக்கொண்டே போகிறவர்களை ஏசாயா சபித்தார். இரவில் படுக்கையில் திட்டமிட்டு, விடிந்ததும் வயல்களைப் பறிப்பவர்களை மீகா கண்டித்தார். இருவரும் கி.மு. 8ஆம் நூற்றாண்டினர். கி.மு. 5ஆம் நூற்றாண்டில், பாரசீக ஆட்சியின்கீழ், எருசலேமின் ஏழை மக்கள் ஆளுநர் நெகேமியாவிடம் முறையிட்டனர். பஞ்சத்தில் தானியத்துக்காக வயலையும் வீட்டையும் அடகு வைத்தாயிற்று. மன்னனின் வரிக்காகக் கடன் வாங்கியாயிற்று. இப்போது மகன்களையும் மகள்களையும் அடிமைப்படுத்த வேண்டியிருக்கிறது. மகள்களில் சிலர் ஏற்கெனவே அடிமைகளாகிவிட்டனர் என்றனர். முறையிட்டவர்களில் ஆண்களோடு அவர்தம் மனைவியரும் இருந்ததை நூல் தனியே குறிப்பிடுகிறது. நிலத்தைக் குலத்துக்கு வெளியே கொண்டுபோவாள் என்று அஞ்சப்பட்ட மகள், நிலம் போனதும் முதலில் விற்கப்பட்டவளானாள்.

பணம் படைத்தவனுக்கு வாரிசுரிமை விதி எவ்வளவு எளிதில் வளையும் என்பதற்கு அண்டை நாட்டுச் சான்று ஒன்றும் உண்டு. இன்றைய ஈராக்கின் கிர்குக் அருகே நூசி என்னும் பழைய நகரில் களிமண் பலகைகள் கிடைத்தன. அவை கி.மு. 15, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. குடும்ப நிலத்தை அயலாருக்கு வெளிப்படையாக விற்காமல், வாங்குபவரை மகனாகத் தத்தெடுத்து, அவருக்கு வாரிசுப் பங்காக நிலத்தைக் கொடுக்கும் ஆவணங்கள் அங்கே ஏராளம். தத்துப் பிள்ளை தந்தைக்குப் 'பரிசு' கொடுப்பான், அதுவே விலை. தெகிப்தில்லா என்னும் ஒரே பெருநிலக்காரர் பற்பல உழவர் குடும்பங்களுக்கு இவ்வாறு 'மகன்' ஆனார். பெற்ற மகளுக்கு ஆயிரம் நிபந்தனை விதித்த உலகில், பணக்காரன் மகனாவதற்கு ஒரு களிமண் பலகை போதுமானதாயிற்று.

யூபிலி யாருக்காக

லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரம் இந்த நோய்க்கு மருந்தாக எழுதப்பட்டது. நிலம் இறைவனுடையது, மக்கள் அதில் குடியிருப்போர் மட்டுமே, ஆகவே என்றைக்குமாக விற்கலாகாது. விற்கப்படுவது நிலமன்று, அடுத்த யூபிலி ஆண்டு வரையிலான அறுவடைகளின் எண்ணிக்கையே. ஏழேழு ஆண்டுகள் கழிந்தபின் ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊதி, கைமாறிய நிலம் பழைய குடும்பத்துக்கும் கடனடிமைகள் தம் வீட்டுக்கும் திரும்ப வேண்டும். மெசொப்பொத்தேமியாவின் மன்னர்கள் அவ்வப்போது கடன்களை ரத்து செய்த ஆணைகளின் சாயல் இதில் உண்டு. அங்கே மன்னனின் கருணையாக இருந்ததை, நாள் குறித்த சட்டமாக்க முயன்றதே இதன் சிறப்பு. ஆனால் யூபிலி ஒருமுறையேனும் நடைபெற்றதாக விவிலியத்தின் வரலாற்று நூல்களில் ஒரு நிகழ்ச்சியும் பதிவாகவில்லை. நிலக்காரர்களைப் பணியவைக்கும் ஆற்றல் அதற்குப் பின்னால் இருக்கவில்லை.

இதே அதிகாரம் இன்னொன்றும் சொல்கிறது. இஸ்ரவேலன் அடிமையாகவே இருக்கக் கூடாது. அயல் இனத்தவரோ நிரந்தர அடிமைகளாகப் பிள்ளைகளுக்கு வாரிசுச் சொத்தாக வரலாம். குலத்துக்குள் சமத்துவம் பேசிய சட்டம் குலத்துக்கு வெளியே கதவை மூடியது.

அந்த மூடிய கதவின் பயன் 20ஆம் நூற்றாண்டில் வெளிப்பட்டது. சியோனிச இயக்கம் 1901இல் தொடங்கிய யூத தேசிய நிதியம், நிலத்தை நிரந்தரமாக விற்கலாகாது என்னும் லேவியராகமக் கருத்தையே தன் கொள்கையாக எடுத்துக்கொண்டது. நிலத்தை விற்பதில்லை, 49 ஆண்டுக் குத்தகைக்கே விடுவது என்னும் அதன் வழக்கம் யூபிலிக் கணக்கிலிருந்து வந்தது. 1948இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் தங்கள் ஊர்களிலிருந்து துரத்தப்பட்டனர், அல்லது உயிருக்கு அஞ்சி வெளியேறினர். 1950ஆம் ஆண்டின் 'ஊரில் இல்லாதோர் சொத்துச் சட்டம்' அவர்கள் நிலத்தை அரசின் பொறுப்பாளரிடம் சேர்த்தது. அந்நிலத்தில் ஒரு பகுதியை நிதியமும் வாங்கிக்கொண்டது. அரசு, நிதியம் முதலியவற்றின் நிலங்கள் உடைமை மாறலாகாது என்று 1960இல் அடிப்படைச் சட்டமும் இயற்றப்பட்டது. கடன்காரனிடமிருந்து ஏழை உழவனைக் காக்க எழுந்த விதி, ஏழை உழவனின் நிலத்தை அவன் திரும்பப் பெற முடியாதபடி பூட்டும் சாவியாயிற்று. நிலம் கைமாறக் கூடாது என்னும் சட்டம் தன்னளவில் முற்போக்கானதுமன்று, பிற்போக்கானதுமன்று. அதன் வேலி யாருக்கு எதிராக நிற்கிறது என்பதே கேள்வி.

சோட்டா நாக்பூரில் அதே வாதம்

இந்தக் கேள்வி இந்தியாவுக்குத் தொலைவானதன்று. பிர்சா முண்டாவின் எழுச்சிக்குப் பின்னர் 1908இல் இயற்றப்பட்ட சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம், பழங்குடியினர் நிலம் அயலாருக்குப் போவதைத் தடுக்கிறது. அதைக் காப்பதற்காக இன்றளவும் போராட்டங்கள் நடைபெறுகின்றன. அதே சட்டத்தின் 7, 8 ஆகிய பிரிவுகள் வாரிசுரிமையை ஆண்வழிக்கே உரியதாக்குகின்றன. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமும் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. மகளுக்குப் பங்கு கேட்டால், கிலேயாத் தலைவர்களின் வாதமே இங்கும் எழுகிறது: அவள் வெளியே மணந்தால் நிலம் போய்விடும். உச்சநீதிமன்றம் 1996இல் பெரும்பான்மைத் தீர்ப்பில் அப்பிரிவுகளை ரத்து செய்ய மறுத்தது. பிழைப்புக்கு நிலத்தையே நம்பியுள்ள பெண்கள் அதில் தொடரலாம் என்ற அளவிலேயே நின்றது. நீதிபதி கே.ராமசாமி மட்டும் மாறுபட்டுப் பெண்களுக்குச் சம உரிமை உண்டு என்றார்.

ஜார்கண்டில் நிலம் போன வழியைத் திரும்பிப் பார்த்தால், அங்கே மணப்பெண்களின் ஊர்வலம் தென்படவில்லை. தாமோதர் பள்ளத்தாக்கு அணைகள், பொகாரோ உருக்காலை, நிலக்கரிச் சுரங்கங்கள், வட்டிக்கடைக்காரர்கள், பினாமிப் பத்திரங்கள் ஆகியவையே தென்படுகின்றன. 2016இல் அன்றைய பா.ஜ.க. மாநில அரசு இந்தச் சட்டத்தையே தளர்த்தும் திருத்தத்தைக் கொண்டுவந்தது. மக்களின் கடும் எதிர்ப்புக்குப் பின்னர், 2017இல் ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்பினார், அரசு பின்வாங்கியது. அந்த எதிர்ப்பில் பழங்குடிப் பெண்களும் முன்னணியில் நின்றனர். நிலத்தில் பங்கில்லாதவர்களே நிலத்தைக் காக்க நின்றனர்.

சட்டம் மெதுவாக நகர்கிறது. சத்தீஸ்கரைச் சேர்ந்த கோண்டு குடும்பம் ஒன்றின் வழக்கில், பெண் என்பதற்காகப் பங்கை மறுப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று 2025 ஜூலை 17 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடதுசாரிகளின் வலியுறுத்தலும் சேர்ந்து வென்றெடுத்த 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், இதற்கு முன்னரே ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. அதன்படி வழங்கப்படும் நிலம் வாரிசுகளுக்குச் செல்லும். விற்கவோ கைமாற்றவோ முடியாது. மணமானோருக்குப் பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதியப்பட வேண்டும். சந்தைக்கு எதிரான வேலியும் பெண்ணுக்கான உரிமையும் ஒரே பிரிவில் சேர்ந்து நிற்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. நடைமுறையில் அதை முடக்குவோரை எதிர்ப்பதும், பழைய குத்தகைச் சட்டங்களில் மகளின் பங்கைச் சேர்க்கக் கோருவதும் ஒரே போராட்டத்தின் இரு பணிகள். ஒன்றுக்காக மற்றொன்றைத் தள்ளிவைக்கச் சொல்லும் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், அது கிலேயாத் தலைவர்களின் குரலே.

அந்த ஐவருக்கும் என்ன ஆயிற்று? ஆகாப் வம்சத்தாரின் தலைநகராக இருந்த சமாரியாவில் 1910இல் நடந்த அகழாய்வில், மையால் எழுதப்பட்ட மண்பாண்டச் சில்லுகள் கிடைத்தன. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் சுற்றுப்புற ஊர்களிலிருந்து தலைநகருக்கு வந்த திராட்சை மதுவுக்கும் எண்ணெய்க்கும் எழுதிய குறிப்புகள் அவை. அவற்றில் வரும் வட்டாரப் பெயர்களில் இரண்டு, நோவாள், ஒக்லாள். தந்தையின் பெயர் அழியக் கூடாது என்று வாதிட்ட பெண்களின் சொந்தப் பெயரே நிலத்தின் பெயராக நின்றது. அந்த நிலத்தின் விளைச்சல் மட்டும் மன்னனின் கிடங்குக்குப் போய்க்கொண்டிருந்தது.